ஐரோப்பாவின் பழைய நிலநடுக்கங்களை ஒரே அளவுகோலில் தொகுத்த அனுபவம்

ஐரோப்பாவில் கி.பி. 1000 முதல் 1899 வரை நடந்த நிலநடுக்கங்களை ஒரே முறையில் கணக்கிட்டு, ஒரே பட்டியலாகத் தொகுக்க வேண்டும் என்பது நான் எடுத்துக்கொண்ட வேலை. முறையான பட்டியல் ஏற்கனவே உண்டு. இத்தாலியின் புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனமான ஐஎன்ஜிவி வெளியிட்ட 'எபிகா'வில் 5,700-க்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் 2020 நிலநடுக்க ஆபத்து மாதிரிக்காகவே அதைச் செய்தார்கள். பிறகு நான் எதற்கு இன்னொன்று செய்ய வேண்டும்? அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு மையம், ஒரு மேக்னிடியூட் (நிலநடுக்கத்தின் மொத்த அளவைச் சொல்லும் எண்) இருக்கிறது. கருவியே இல்லாத காலத்து நிலநடுக்கத்துக்கு அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நானே அடியிலிருந்து செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். மூலத் தரவு ஒளிவுமறைவில்லாமல் கிடைக்கிறது. ஐரோப்பிய வரலாற்று நிலநடுக்கத் தரவுக் காப்பகமான 'அஹெட்' ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் என்னென்ன ஆய்வுகள் உண்டு என்பதை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. வேண்டியது பொறுமையும் ஒரு கணினியும்தான்.

1899-ல் நிறுத்தியதற்குக் காரணம் கருவிகள். 1889 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு நிலநடுக்கம் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் ஒரு கருவியில் பதிவானது. அதிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கருவிப் பதிவுகள் பெருகிவிட்டன. அதற்கு முன்னால் நம்மிடம் இருப்பதெல்லாம் எழுத்துதான்: மடாலயக் குறிப்பு, நகரசபைக் கணக்கு, கடிதம், பிறகு செய்தித்தாள்.

ஒட்டு வேலை ஏன் பலிக்காது

நாடுவாரிப் பட்டியல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று யாருக்கும் முதலில் தோன்றும். சோதனைக்காக அப்படி ஒட்டி வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். அரசியல் எல்லைகள் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கம் புள்ளிகள் நெருக்கமாக, அந்தப் பக்கம் கலைந்து கிடக்கும். நிலத்தடிப் பிளவுகளுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. வித்தியாசம் தொகுத்தவர்களின் முறையில் இருக்கிறது. ஒரு நாட்டில் அதிகபட்சத் தீவிரத்தை, அதாவது ஊர்களில் அதிர்வு என்ன செய்தது என்பதன் அளவை, ஒரு சூத்திரத்தில் போட்டு மேக்னிடியூட் ஆக்கியிருப்பார்கள். பக்கத்து நாட்டில் அதிர்வு உணரப்பட்ட பரப்பளவிலிருந்து எடுத்திருப்பார்கள். இன்னொரு பட்டியலில் அது எந்த வகை மேக்னிடியூட் என்றே சொல்லியிருக்காது.

எல்லை நிலநடுக்கங்கள்தான் இதை நன்றாகக் காட்டிக்கொடுக்கின்றன. 1428 பிப்ரவரி 2 அன்று கிழக்குப் பிரனீஸ் மலைப்பகுதியில் நடந்தது ஸ்பெயின் கணக்கிலும் வரும், பிரான்ஸ் கணக்கிலும் வரும். 1511 மார்ச் 26 அன்று இட்ரியா, ஃப்ரியூலி பக்கம் நடந்தது இன்றைய ஸ்லோவேனியா, இத்தாலி இரண்டுக்கும் சொந்தம். ஒவ்வொரு நாட்டு ஆய்வாளருக்கும் தன் நாட்டு ஆவணங்கள் அதிகம் கிடைக்கும், அதனால் மையமும் கொஞ்சம் தன் பக்கம் சாயும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஆவணம் இல்லாத ஏதோ ஒரு மலையில் புள்ளி போய் விழும்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: பட்டியல்களை இணைக்கக் கூடாது, ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் பின்னால் இருக்கும் ஆய்வுக்குப் போக வேண்டும். அந்த ஆய்வு தரும் இடவாரித் தீவிரங்களை எடுத்து, மையத்தையும் மேக்னிடியூடையும் எல்லா நாட்டுக்கும் ஒரே முறையில் நாமே கணக்கிட வேண்டும். இடவாரித் தரவு இல்லாத இடத்தில் மட்டும் நாட்டுப் பட்டியலின் எண்ணை எடுக்கலாம், அதுவும் 'எடுத்தது' என்ற குறியோடு.

இதற்கு மூன்று அட்டவணைகள் போட்டேன். முதலாவதில் நிகழ்வு, அதற்கு ஒரு நிரந்தர எண். இரண்டாவதில் அந்த நிகழ்வைப் பற்றிய ஆய்வுகள். ஒரு நிகழ்வுக்குப் பல ஆய்வுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று 'தேர்ந்தது'. மூன்றாவதில் ஆய்வு வாரியாக ஊர், தீவிரம், அதன் உறுதி. தேர்வாகாத ஆய்வுகளை அழிக்கவே இல்லை. எதைத் தேர்ந்தேன் என்பதற்கு ஒரு வரிக் காரணமும் எழுதி வைத்தேன். சமகால ஆவணங்களை நேரில் படித்த ஆய்வுக்கு முதலிடம். அப்புறம் அதிக ஊர்களுக்குத் தீவிரம் கொடுத்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிய பட்டியல் கடைசி. ஒரு தகவல் பத்துப் பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே அது உறுதியாகிவிடாது. பத்தும் ஒரே ஒரு பழைய புத்தகத்திலிருந்து வந்திருக்கும்.

தேதிகள்

அதிக நேரத்தை விழுங்கியது தேதிதான். எனக்கு அதிகம் பிடித்துப்போனதும் அதுதான்.

பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு, 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் மாறிக்கொண்டன. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 வரை மாறவில்லை. இங்கிலாந்து 1752-ல் மாறியது. ரஷ்யா 1918-ல், கிரீஸ் 1923-ல். அதாவது ஒரே அதிர்வை இரண்டு ஊர்க்காரர்கள் உணர்ந்து, அன்றைக்கே நேர்மையாக எழுதி வைத்தாலும் தேதி வேறாக இருக்கும். 1692-ல் இன்றைய பெல்ஜியத்தின் வெர்வியே பகுதியில் ஒரு பெரிய நிலநடுக்கம். புதிய நாட்காட்டியில் செப்டம்பர் 18. லண்டனிலும் அது நன்றாக உணரப்பட்டது, அங்கே அன்று செப்டம்பர் 8. வித்தியாசம் தெரியாமல் தொகுத்தால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு நிலநடுக்கங்கள் கிடைக்கும்.

இந்த இடைவெளி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறும். 1700 பிப்ரவரி முடியும் வரை 10 நாள், பிறகு 11, 1800-லிருந்து 12. ருமேனியாவின் விரான்சாவில் 1802-ல் நடந்த பெரிய நிலநடுக்கம் பழைய நாட்காட்டியில் அக்டோபர் 14, புதியதில் அக்டோபர் 26.

நாளோடு முடிந்தால் பரவாயில்லை, ஆண்டும் ஆடும். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். லண்டனை 1750 பிப்ரவரி 8, மார்ச் 8 இரண்டு நாளும் நிலநடுக்கம் உலுக்கியது. அன்றைய காகிதங்களில் அது 1749 என்று இருக்கும். புதிய நாட்காட்டிக்கு மாற்றினால் பிப்ரவரி 19, மார்ச் 19. ஃப்ளோரன்சிலும் ஆண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது, வெனிசில் மார்ச் 1-ல். பீசாவிலும் மார்ச் 25 தான், ஆனால் ஃப்ளோரன்சை விட ஓர் ஆண்டு முந்தி எண்ணினார்கள். பைசாந்தியக் கணக்கில் செப்டம்பர் 1 புத்தாண்டு. அவர்கள் உலகத் தோற்றத்திலிருந்து எண்ணும் ஆண்டிலிருந்து ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508-ஐக் கழிக்க வேண்டும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509-ஐ. அவசரத்தில் ஒரே எண்ணைக் கழித்தவர்களால் பல நிலநடுக்கங்கள் ஓர் ஆண்டு தள்ளிப் போயிருக்கின்றன.

பிறகு மணி. இத்தாலியில் வெகுகாலம் சூரியன் மறைந்து அரை மணி ஆனதும் பூஜ்யம் என்று வைத்து 24 மணி எண்ணினார்கள். ஜனவரியில் ஐந்து மணிக்குச் சூரியன் மறையும் ஊரில் '21-ம் மணி' என்றால் மறுநாள் பிற்பகல் இரண்டரை. ஜூனில் அதே 21-ம் மணி மாலை ஐந்துக்குப் பக்கத்தில் வரும். நாளும் அந்த மாலையிலேயே மாறிவிடும். ஆகவே அந்த மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையே நடந்த நிலநடுக்கத்துக்கு அவர்கள் எழுதிய தேதி நம் கணக்கைவிட ஒரு நாள் கூடுதலாக இருக்கும். ஹிஜ்ரி தேதி போட்ட ஒட்டோமான் ஆவணங்களிலும் நாள் தொடங்குவது மாலையில்தான். இதற்கு ஊரின் அட்சரேகையையும் நாளையும் கொடுத்தால் சூரிய மறைவு நேரம் சொல்லும் ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதிக்கொண்டேன்.

இரட்டைப் பதிவு தேடுவதற்கும் இந்த அறிவுதான் உதவியது. ஒரே நாள், பக்கத்து மையம் என்று மட்டும் தேடினால் சுலபமானவைதான் சிக்கும். நான் நிரலிடம் கேட்டது வேறு. சரியாக 10, 11, 12 நாள் இடைவெளியுள்ள ஜோடிகள், சரியாக ஓர் ஆண்டு இடைவெளியுள்ளவை, நாளும் மாதமும் ஒன்றாக இருந்து ஆண்டில் இரண்டு இலக்கம் இடம் மாறியவை, ஒரு நூற்றாண்டு தள்ளியவை. கிடைத்த ஜோடிகளை நிரல் தானாக அழிக்க விடவில்லை. ஒவ்வொன்றையும் ஆவணம் வரை போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நிலநடுக்கத்துக்கு உண்மையிலேயே பத்து நாள் கழித்துப் பின்னதிர்வு வருவதும் சகஜம், கண்ணை மூடிக்கொண்டு நீக்க முடியாது.

செய்யப்போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. மாதமும் நாளும் தெரியாத நிகழ்வுக்கு அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள். ஸ்பிரெட்ஷீட்டின் தேதி வடிவத்தில் போட்டால் அது 'ஜனவரி 1' என்று தானே நிரப்பிவிடும், பிறகு அது உண்மைத் தேதியா நிரப்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் தனித்தனிக் கட்டமாக வைப்பதே நல்லது. 1900-க்கு முந்தைய தேதிகளைச் சில மென்பொருள்கள் தேதியாகவே ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இடங்கள்

1667 ஏப்ரல் 6 அன்று அழிந்த ரகூசா இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக். 1693 ஜனவரியில் சேதமான ரகூசா சிசிலியில் இருக்கிறது. இரண்டும் பெரிய நிலநடுக்கம், இரண்டும் ஒரே நூற்றாண்டு. இதைத் தானியங்கி இடங்காட்டியிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. க்ரோன்ஷ்டாட் என்ற பெயரில் டிரான்சில்வேனியாவில் ஓர் ஊர், இன்றைய பிரசோவ். அதே பெயரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் ஒரு கடற்படைத் தளம். விரான்சா நிலநடுக்கம் மாஸ்கோ வரைக்கும் உணரப்படும் ரகம் என்பதால் 'அங்கே எப்படி உணர்ந்திருப்பார்கள்' என்று கேட்டுப் பிழையைப் பிடிக்கவும் முடியாது. லைபாக் என்றால் லியுப்லியானா, ஆக்ராம் என்றால் சாக்ரெப், பிரெஸ்பர்க் என்றால் பிராட்டிஸ்லாவா. ஆகவே ஊர்ப் பெயருக்குத் தனி அட்டவணை வைத்து, ஆவணத்தில் உள்ள பெயர், இன்றைய பெயர், ஆயத்தொலை மூன்றையும் கையால் இணைத்தேன்.

தீர்க்கரேகையில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய பட்டியல்கள் சில பாரிஸிலிருந்து எண்ணும், சில கேனரித் தீவுகளின் ஃபெர்ரோவிலிருந்து. பாரிஸ் கிரீன்விச்சுக்கு 2 பாகை 20 நிமிடம் கிழக்கே இருக்கிறது. மாற்றாமல் விட்டால் பிரான்சின் தென்பகுதி அட்சரேகையில் மையம் சுமார் 190 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஃபெர்ரோ கணக்கை மாற்றாமல் விட்டால் 17 பாகைக்கு மேல் நகரும், அது உடனே கண்ணில் பட்டுவிடும். அந்த 2 பாகைதான் ஆபத்து, ஏனென்றால் புள்ளி நம்பும்படியான இடத்திலேயே விழுகிறது.

எழுத்தைத் தீவிரமாக மாற்றுவது

தீவிரம் என்பது ஓர் ஊரில் அதிர்வு என்ன செய்தது என்பதன் அளவு. மேக்னிடியூட் ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான். தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். 1883-ல் வந்த ரோசி-ஃபோரல் அளவுகோலில் 10 படிகள், பின்னால் வந்த மெர்கல்லி-கன்கானி-சீபெர்க் அளவுகோலில் 12, இப்போது ஐரோப்பாவில் புழங்கும் ஈஎம்எஸ்-98-லும் 12. ரோசி-ஃபோரலின் பத்தாவது படி பிந்தைய அளவுகோல்களின் 10, 11, 12 மூன்றையும் விழுங்கிக்கொள்ளும். பழைய ஆய்வில் '10' என்று பார்த்ததும் எந்த அளவுகோலின் பத்து என்று கேட்காமல் நகரக் கூடாது. பல ஆய்வுகளில் அது முன்னுரையில் ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

ஈஎம்எஸ்-98-ன் பெரிய பலம், கட்டடத்தின் பலவீனத்தையும் கணக்கில் எடுப்பது. 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு வகுப்பு. மண்ணும் ஒழுங்கற்ற கல்லும் வைத்துக் கட்டியது 'ஏ'. சேதம் 1 முதல் 5 வரை ஐந்து படி. எந்த வகுப்புக் கட்டடங்களில் எத்தனை பங்குக்கு எந்தப் படிச் சேதம் என்று தெரிந்தால்தான் தீவிரம் சொல்ல முடியும். ஆனால் 14-ம் நூற்றாண்டுத் துறவி எழுதுவது இவ்வளவுதான்: 'பெரும் நிலநடுக்கம் வந்தது, தேவாலயக் கோபுரம் விழுந்தது'. ஊரில் மற்ற வீடுகளுக்கு என்ன ஆயிற்று? கோபுரம் உயரமானது, பழையது, ஏற்கனவே விரிசல் விட்டிருக்கலாம். ஒரே ஒரு நினைவுச் சின்னத்தை வைத்து ஊருக்கே தீவிரம் போடக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் எண்ணைப் போடாமல் 'சேதம்' அல்லது 'உணரப்பட்டது' என்ற எழுத்துக் குறி மட்டும் போட்டேன். கணக்கிடும்போது இவை நேரடியாகச் சேராது, ஆனால் வரைபடத்தில் தெரியும். கணக்கிட்ட மையம் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க உதவும். எண் இருந்தால் வேலை சுலபம் என்பதற்காக எண் போடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய சபலம் என்று நினைக்கிறேன்.

1356 அக்டோபர் 18 அன்று பேசலில் நடந்ததைப் பாருங்கள். ஆல்ப்ஸுக்கு வடக்கே ஆவணமுள்ள நிலநடுக்கங்களில் அதுவே மிகப் பெரியது என்பார்கள். நகரத்தைப் பெரிதும் அழித்தது நிலநடுக்கத்துக்குப் பிறகு மூண்ட தீ. எரிந்த வீடுகளில் எவை முன்பே இடிந்தவை என்று பிரிக்க வழியில்லை. சுற்றியிருந்த கோட்டைகள்தான் நல்ல சாட்சி, ஆனால் அவை மலை முகடுகளில் நிற்பவை, அங்கே அதிர்வு பெருகும். ஆகவே அதன் மேக்னிடியூட் ஆய்வுக்கு ஆய்வு 6-க்குக் கொஞ்சம் மேலிருந்து 7 வரை அலைகிறது. சுவிட்சர்லாந்தின் பட்டியல் 6.6 என்கிறது. 6-க்கும் 7-க்கும் இடையே வெளியாகும் ஆற்றல் சுமார் 30 மடங்கு வேறுபடும். ஆகவே என் பட்டியலில் மேக்னிடியூட் இருக்கும் எந்த வரியிலும் பிழை வரம்பு இல்லாமல் விடவில்லை.

தீவிரத்திலிருந்து மேக்னிடியூட்

கணக்கிட இரண்டு வழிகளைப் பயன்படுத்தினேன். முதலாவது, அதிகத் தீவிரம் பதிவான ஊர்களின் மையப் புள்ளியை நிலநடுக்க மையமாக எடுத்து, ஒவ்வொரு தீவிரப் படியும் சராசரியாக எவ்வளவு தூரம் வரை பரவியது என்பதிலிருந்து மேக்னிடியூட் எடுப்பது. இரண்டாவது, வரைபடத்தில் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்தையும் 'இதுதான் மையம்' என்று வைத்துப் பார்த்து, ஊர்களின் தீவிரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மேக்னிடியூடைச் சொல்லும் கட்டத்தைத் தேடுவது. ஊர்கள் மையத்தைச் சுற்றி நாலாபக்கமும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் நிலத்தின் வடிவத்திலேயே இருந்தது: கடலோரம், மனிதர் இல்லாத மலை, அல்லது ஆழம்.

இரண்டு வழிக்கும் முன்னால் அளவுத்திருத்தம் வேண்டும், அதாவது மேக்னிடியூட் தெரிந்த நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டுச் சூத்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். கருவிப் பதிவும் நல்ல இடவாரித் தீவிரமும் சேர்ந்து கிடைக்கும் 20-ம் நூற்றாண்டு நிலநடுக்கங்களை வைத்துத்தான் அதைச் செய்ய முடியும். இத்தாலிக்கு 1976-ன் ஃப்ரியூலி, 1980-ன் இர்பினியா. வடமேற்கு ஐரோப்பாவுக்கு 1992-ல் நெதர்லாந்தின் ரூர்மோண்ட். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சூத்திரம் போட முடியாது. வடக்கின் பழைய, கெட்டியான பாறையில் அதிர்வு வெகுதூரம் போகும். மத்தியதரைக்கடல் ஓரத்தின் நொறுங்கிய மேலோட்டில் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரே சூத்திரம் போட்டால் வடக்கின் நிலநடுக்கங்கள் எல்லாம் பூதாகரமாகிவிடும். முறை ஒன்றாக இருக்க வேண்டும், மாறிலிகள் பகுதிக்குப் பகுதி வேறாக இருக்கலாம். ஒரே சீர் என்பதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

விரான்சாவுக்கு இதுவும் போதாது. அங்கே நிலநடுக்கங்கள் சுமார் 60 முதல் 180 கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கின்றன. மேலே சேதம் ஓர் இடத்தில் குவியாமல் பரவலாக, வடகிழக்கு, தென்மேற்காக நீண்டு கிடக்கும். ஆழமில்லாத நிலநடுக்கத்துக்கான சூத்திரத்தில் போட்டால் மேக்னிடியூட் எகிறிவிடும். அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து, ருமேனிய ஆய்வாளர்கள் ஆழத்தோடு சேர்த்துச் செய்த மதிப்பீடுகளையே எடுத்துக்கொண்டேன். லிஸ்பனை அழித்த 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்துக்கும் அப்படித்தான். மையம் அட்லாண்டிக் கடலில். ஊர்கள் எல்லாம் ஒரு பக்கம்தான். என் நிரல் மையத்தைப் பிடிவாதமாகக் கரைக்கு இழுக்கிறது. சுனாமி வந்தடைந்த நேரங்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளை நம்புவதே நியாயம். மேக்னிடியூட் எட்டரையை ஒட்டி என்றுதான் பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. எந்தப் பிளவு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

எந்த மேக்னிடியூடில் எத்தனை நிலநடுக்கம் என்று வரைந்து பார்த்தபோது சில எண்களில் கும்பல் கும்பலாக நின்றன. தீவிரம் படிப்படியாகத்தான் ஏறும், ஒரே ஒரு ஊர்ப் பதிவு மட்டும் உள்ள நிலநடுக்கங்கள் அந்தப் படிகளை அப்படியே மேக்னிடியூடில் நகலெடுக்கின்றன. பெரிய, சிறிய நிலநடுக்கங்களின் விகிதத்தைக் கணக்கிடுபவர்களை இது தவறான பக்கம் இழுக்கும். அந்த வரிகளுக்கு 'ஒற்றைப் பதிவு' என்று குறி போட்டுப் பிழை வரம்பைக் கூட்டினேன். தசமத்தில் ஒரு இடத்துக்கு மேல் எந்த வரியிலும் கொடுக்கவில்லை.

நடக்காத நிலநடுக்கங்கள்

போலி நிலநடுக்கங்கள் இவ்வளவு இருக்கும் என்று இந்த வேலையில் இறங்குவதற்கு முன் நம்பியிருக்க மாட்டேன். புயல், நிலச்சரிவு, வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, தேதி தவறிய உண்மையான நிலநடுக்கம், இப்படிப் பல வழியில் உள்ளே வருகின்றன. லிஸ்பன் நாளில் ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியிலும் நெஸ் ஏரியிலும் நீர் மேலும் கீழும் ஊசலாடியது, இங்கிலாந்தின் குளங்களும் நெதர்லாந்தின் கால்வாய்களும் அசைந்தன. தூரத்துப் பெரு நிலநடுக்கத்தின் நீண்ட அலைகள் செய்த வேலை அது. மனிதர்கள் அங்கே நில அதிர்வை உணரவில்லை. அந்தச் செய்திகளை உள்ளூர் நிலநடுக்கமாக எண்ணினால் ஒரே நாளில் வட ஐரோப்பா முழுக்கப் புள்ளிகள் முளைக்கும்.

இதற்கு நேர் எதிரானது 1117 ஜனவரி 3. வட இத்தாலி, ஜெர்மனி எங்கும் அந்த நாளுக்குக் குறிப்புகள் இருப்பதால் வெகுகாலம் அதை ஒரே ராட்சத நிலநடுக்கமாக வைத்திருந்தார்கள். குறிப்புகளின் மணியைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு, சில மணி நேர இடைவெளியில் குறைந்தது இரண்டு நிலநடுக்கங்கள் என்று காட்டியது: முதலில் தெற்கு ஜெர்மனிப் பக்கம் ஒன்று, பிறகு வெரோனாவில் பெரியது. ஒன்றை இரண்டாக்கினால் இரண்டும் முன்பிருந்ததைவிடச் சிறியவை ஆகின்றன. நூறு, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தடவை எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற கணக்கே இதனால் மாறும்.

1348 ஜனவரி 25-ம் இப்படித்தான் இடம் மாறியது. ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகரம் சேதமானது, டோப்ராட்ஷ் மலை சரிந்து கெய்ல் ஆற்றை அடைத்தது. இவ்வளவு பெரிய காட்சி இருக்கும்போது மையமும் அங்கேதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் ஆவணங்களைத் திரும்பப் படித்தபோது, மலைச்சரிவில் அழிந்ததாகச் சொன்ன கிராமங்களின் கதை பிற்காலத்தவர் பெருக்கியது என்று தெரிந்தது. கனத்த சேதம் எல்லைக்குத் தெற்கே ஃப்ரியூலியில் பரவியிருந்தது. அதே ஆண்டு கொள்ளை நோயும் வந்ததால் எழுதியவர்கள் இரண்டு துயரத்தையும் சேர்த்தே எழுதினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தடுத்து வரும் அதிர்வுகளில் வேறொரு சிக்கல். 1783-ல் கலாப்ரியாவில் பிப்ரவரி 5 முதல் மார்ச் 28 வரை ஐந்து பெரிய அதிர்வுகள். மார்ச்சில் விழுந்த வீடு பிப்ரவரியிலேயே பாதி நொறுங்கியது. ஆவணம் சொல்வது மொத்தச் சேதம். 1693-ல் கிழக்குச் சிசிலியிலும் ஜனவரி 9-ல் ஒன்று, 11-ல் பெரியது. பிரிக்க முடிந்ததைப் பிரித்தேன், முடியாத ஊர்களுக்கு 'கூட்டுச் சேதம்' என்று குறியிட்டுக் கணக்கிலிருந்து விலக்கினேன்.

எழுதப்படாதவை

பட்டியல் ஒரு வடிவத்துக்கு வந்ததும் ஐம்பது ஆண்டுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். 19-ம் நூற்றாண்டில் எண்ணிக்கை செங்குத்தாக ஏறுகிறது. பூமி திடீரென்று சுறுசுறுப்பாகவில்லை, செய்தித்தாள் வந்தது. பிரான்சில் அலெக்சி பெர்ரே ஆண்டுதோறும் நிலநடுக்கச் செய்திகளைத் திரட்டினார். அயர்லாந்தின் ராபர்ட் மாலெட் உலகம் முழுவதற்கும் 6,831 நிலநடுக்கங்களைத் தொகுத்தார், 1857 டிசம்பரில் தெற்கு இத்தாலியில் நடந்த பெரும் நிலநடுக்கத்தின் சேதத்தையும் நேரில் போய் அளந்தார். அதே சமயம் ஜெர்மனியில் முப்பது ஆண்டுப் போர் நடந்த 1618 முதல் 1648 வரை, எழுதுபவர்களும் குறைந்தார்கள், எழுதியதும் எரிந்தது.

ஆகவே பகுதிவாரியாக, எந்த ஆண்டிலிருந்து எந்த மேக்னிடியூடுக்கு மேல் எதுவும் தவறியிருக்காது என்று ஒரு துணை அட்டவணை தேவைப்பட்டது. எண்ணிக்கை வளைவிலிருந்தே அதை எடுக்கும் புள்ளியியல் வழி உண்டு. எனக்கு அது அரைகுறையாகப் பட்டது, ஏனென்றால் உண்மையிலேயே அமைதியான காலத்துக்கும் ஆவணமில்லாத காலத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதைவிட, அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் தொடர்ந்து எழுதிய நாட்குறிப்பு உண்டா, அது சின்ன அதிர்வையும் குறிக்கும் வழக்கமுள்ளதா என்று பார்ப்பது உறுதியானது. தினமும் வானிலை எழுதிய ஒருவர் நிலநடுக்கத்தைப் பற்றி எழுதவில்லை என்றால், அந்த மௌனம் ஒரு தரவு.

கடைசியில் என் பட்டியலை எபிகாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடவாரித் தரவு நிறைய உள்ள நிலநடுக்கங்களில் இரண்டும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகின்றன. ஒரே மூலத் தரவிலிருந்து வந்தவை என்பதால் அதில் பெரிய ஆச்சரியம் இல்லை, ஆனால் என் அளவுத்திருத்தம் எங்கேயும் கோணவில்லை என்று தெரிந்தது. வேறுபடுவது ஒற்றைப் பதிவு வரிகளிலும் கடலோர நிலநடுக்கங்களிலும்தான்.

நீக்கிய போலிகளை எல்லாம் தனி அட்டவணையில் காரணத்தோடு வைத்திருக்கிறேன், அவற்றின் நிரந்தர எண்ணையும் வேறு எதற்கும் கொடுப்பதில்லை. இல்லாவிட்டால் அடுத்து தொகுப்பவர் பழைய புத்தகத்தில் அதைப் பார்த்து 'விட்டுப்போயிற்று' என்று திரும்பச் சேர்ப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் உண்டு. அடுத்து எடுக்கப்போவது கிரேக்கத்தின் தெற்கே கடலுக்கடியில் நடந்தவை. அங்கே தீவுகள் மட்டுமே சாட்சி, ஆழமும் கலந்து வருகிறது. வெனிஸ் நிர்வாகம் தன் தீவுகளிலிருந்து பெற்ற கடிதங்களிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.